வூடு வேறு, ரூம் வேறு

அக்கா,

இன்று காலை கடுங்காப்பி டம்ளரோடு வாசலுக்கு வந்தபோது காற்றில் ரெட் ஆக்சைடு வாசம் வந்தது. எதிர்ச் சந்தில் புதிதாக வீடு கட்டுகிறவர்கள் ஓர் இரும்புக் கதவைச் சுவரில் சாய்த்து வைத்து முதல் பூச்சு அடித்துக்கொண்டிருந்தார்கள். செங்கல் பொடியை மண்ணெண்ணெயில் குழைத்தது போன்ற வாசம். டம்ளரை ஜன்னலில் வைத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. முப்பத்து மூன்று வருடம் கரும்பலகை முன்னால் நின்று பேசியவள் நான். உங்களிடம் மட்டும் ஒரு பேச்சைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். நாளைக்குச் சொல்லலாம், உடம்பு கொஞ்சம் தேறட்டும் என்று. நீங்கள் தேறவில்லை. அதனால் எழுதுகிறேன்.

பொம்மிடியிலிருந்து மாற்றலாகி நான் இந்த ஊருக்கு உங்கள் பக்கத்தில் குடிவந்தபோது உங்கள் வீடு ஒரே நீளமான ஓட்டு வீடு. ஒரு கோடியில் அடுப்பு, மறு கோடியில் கேழ்வரகு மூட்டைகள், நடுவில் பாய்கள். உங்கள் வீட்டுக்காரர் இருந்தவரை நீங்கள், அவர், சரவணன், அவன் தங்கை எல்லாரும் ஒரே வரிசையில் படுத்தீர்கள். ஒருவர் இருமினால் எல்லாரும் விழித்தீர்கள். யாராவது கோபித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தால் அடுத்த நாள் எனக்குக்கூட அது தெரிந்துவிடும்.

அந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. அடுப்பு எரிகிற இடத்தில் யாரும் யார்மேலும் கை ஓங்கக்கூடாது. உங்கள் மாமியார் வைத்த சட்டம். புதிதாகக் கல்யாணமான சமயத்தில் உங்கள் வீட்டுக்காரர் ஒருநாள் கை ஓங்கியதற்கு அந்த அம்மா மூன்று நாள் அடுப்பே பற்றவைக்கவில்லையாம். "நாலாம் நாளு அவரே சுள்ளி பொறுக்கிட்டு வந்து பத்த வெச்சாருங்க. அப்பறம் சாவற வரைக்கும் கை ஓங்கல" என்று சொல்லி நீங்கள் சிரிப்பீர்கள்.

எட்டாம் வகுப்பில் 'ரூம்' என்ற சொல்லை நடத்துவது எனக்கு மிகவும் பிடிக்கும். சின்னச் சொல், பிள்ளைகளுக்கு முன்பே தெரிந்த சொல். கரும்பலகையில் ஒரு சதுரம் வரைந்து, உங்களுக்குத் தெரிந்த ரூம்களைச் சொல்லுங்கள் என்பேன். கிளாஸ் ரூமில் தொடங்கி ஸ்டாஃப் ரூம், எச்.எம். ரூம், பாத்ரூம் என்று போய், யாராவது ஒரு பையன் "மோட்டார் ரூம்!" என்று கத்துவான். கிணற்றடியில் மோட்டார் இருக்கிற கட்டடம் அது. பிறகு, வெறும் இடத்துக்கும் அதே சொல்தான் என்று பாலக்கோடு டவுன் பஸ்ஸை உதாரணம் காட்டுவேன். இன்னும் ஒரு ஆள் நிற்க இடமிருந்தால் அதுவும் ரூம். அடுத்த நாளே ஒருத்தன் எழுந்து, "டீச்சர், பெஞ்சுல ரூம் இல்ல, இவன் தள்ளி ஒக்கார மாட்டேங்கறான்" என்பான். வகுப்பே சிரிக்கும். ரேங்க் கார்டில் 'முன்னேற இன்னும் இடமிருக்கிறது' என்று ஆங்கிலத்தில் எழுதுவேன். அங்கேயும் அந்தச் சொல்தான்.

அதற்கு நான் நடத்தாத ஒரு பொருளை உங்கள் வீட்டில்தான் தெரிந்துகொண்டேன்.

சரவணனுக்குப் பெண் நிச்சயமான வாரம் நீங்கள் என் வீட்டுக்கு வந்தீர்கள். கையில் பத்திரிகைக் கட்டு, முகத்தில் யோசனை.

"டீச்சர், சின்னஞ்சிறுசுக ரெண்டும் எங்க படுக்கும்? சீலையக் குறுக்கால கட்டி உட்டாப் போதாதுங்களா? எனக்கு அப்படித்தான கட்டி உட்டாங்க."

"சீலை காத்துக்கே பறக்கும் அக்கா. ஒரு ரூம் கட்டுங்க."

"அந்தப் பேரே எனக்கு ஆகறதில்லீங்க. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால ரூம் போட்டுத்தான குடிக்கறானுங்க."

"அது லாட்ஜ் ரூம். இது வரப்போற புள்ளைக்கு. கதவச் சாத்திட்டு நிம்மதியா ஒக்கார அவளுக்கு ஒரு எடம் வேணாமா?"

நீங்கள் பத்திரிகைக் கட்டைக் கீழே வைத்தீர்கள். பிறகு கேட்டீர்கள். "அப்ப தாப்பா எந்தப் பக்கமுங்க?"

"உள்பக்கம்தான். வெளிப்பக்கம் வெச்சா ஜெயிலு. உள்பக்கம் வெச்சாத்தான் ரூமு."

என் தொடையில் தட்டிச் சிரித்தீர்கள். "டீச்சர் சொன்னாச் செரி" என்று எழுந்து போனீர்கள்.

அடுப்புக்குப் பின்னால் இருந்த கல் வைத்துக் கட்டிய பழைய மண் சுவரை ஒரு பக்கமாக வைத்துக்கொண்டு, மற்ற மூன்று பக்கமும் ஹாலோ பிளாக்கில் எழுப்பி, பத்துக்குப் பத்தில் ரூம் தயாரானது. வாசலை வீட்டுக்குள்ளிருந்து வைக்காமல் வெளியே தெருப்பக்கம் வைத்தீர்கள். மரக்கதவு கட்டுப்படியாகாது என்று இரும்புக் கதவு. ரெட் ஆக்சைடு அடித்ததோடு நின்றது. மேல் பெயிண்ட் அடிக்கவே இல்லை.

அதற்குப் பிறகு உங்கள் பேச்சு மாறியது. "சரவணன் வூட்ல இருக்கானா?" என்று கேட்டால், "வூட்ல இல்லீங்க, ரூம்ல இருக்கான்" என்பீர்கள். முதல் தடவை கேட்டபோது ஆங்கில வாத்தியார் புத்தியில் எனக்குச் சிரிப்பு வந்தது. வீட்டின் ஒரு பகுதிக்குத்தானே அந்தப் பெயர். ஆனால் உங்கள் வாயில் வூடு வேறு, ரூம் வேறு. அடுப்பு இருக்கிற இடம் வூடு. ரூமில் அடுப்பு கிடையாது. அடுப்பில்லாத இடத்துக்கு உங்கள் மாமியாரின் சட்டம் போய்ச் சேராது என்பதை நான் யோசிக்கவில்லை. நீங்களும் யோசிக்கவில்லை. சரவணன் யோசித்திருந்தான்.

சரவணன் கட்டிவந்த மஞ்சுளா அரூர்ப் பக்கத்துப் பெண். பிளஸ் டூ முடித்தவள். சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்வாள். சாயங்காலம் என்னிடம் வந்து பரீட்சைக்குப் படிப்பாள். "கவர்மெண்ட் வேல கெடைக்கலன்னாலும் பரவால்ல டீச்சர், கம்பெனி வேலையாச்சும்" என்பாள். சரவணன் குட்டியானை வண்டியில் தக்காளி ஏற்றி மார்க்கெட்டுக்குப் போய்வருவான். அவன் வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டதும் புத்தகத்தை மூடிவிட்டு ஓடுவாள். புதுப்பெண், ஆசை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் அவள் நெற்றி புடைத்திருந்தது. "பாத்ரூம்ல வழுக்கி உழுந்துட்டேன் டீச்சர்" என்றாள். உங்கள் வீட்டுப் பாத்ரூம் எனக்குத் தெரியாதா? நாலு பக்கம் தென்னந்தட்டி, தரையில் சொரசொரப்பான கருங்கல். அதில் யாரும் வழுக்கி விழ முடியாது. பிள்ளைகள் பொய் சொன்னால் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கிறவள் என்று பள்ளிக்கூடத்தில் எனக்குப் பெயர். கண்டுபிடித்தேன். அவளைக் கேட்கவில்லை. உங்களிடம் வந்து கேட்டேன்.

"எம் பையன் வூட்ல ஒருநாளும் கை நீட்டுனதில்ல டீச்சர்" என்றீர்கள். அது உண்மைதான். வீட்டில் நீட்டியதில்லை.

"ரூம்ல அக்கா?"

நீங்கள் முறத்தைக் கீழே வைத்தீர்கள். "ரூம் சமாச்சாரம் நமக்கெதுக்குங்க? கட்டச் சொன்னது நீங்க. கதவு போடச் சொன்னதும் நீங்க. இப்ப எட்டிப் பாக்கச் சொல்றதும் நீங்களா?"

எழுந்து என் வீட்டுக்கு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு மூன்று மாதம் நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ரூம் கதவு சாத்தினால் நீங்கள் டிவி சத்தத்தைக் கூட்டினீர்கள். நான் என் வீட்டு ஜன்னலைச் சாத்தினேன்.

அந்த நாள் மத்தியானம். விதைக்கு நிலக்கடலை உரித்துக்கொண்டு இருவரும் உங்கள் அடுப்படியில் உட்கார்ந்திருந்தோம். டிவியில் சீரியல் ஓடியது. சரவணன் வண்டியைத் தாறுமாறாக நிறுத்திவிட்டு நேராக ரூமுக்குப் போனான். குடித்திருந்தான். மஞ்சுளா துணி மடித்துக்கொண்டு உள்ளேதான் இருந்தாள். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது.

முதலில் கட்டில் இழுபட்டது. பிறகு ஏதோ கனமாக இரும்புக் கதவில் வந்து மோதியது. அது தலை என்று எனக்குத் தெரிந்தது. உங்களுக்கும் தெரிந்தது. நீங்கள் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினீர்கள்.

"அத்தே!"

ஒரு தடவைதான் முழுதாகக் கேட்டது. இரண்டாவது தடவை பாதியிலேயே நின்றது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. டிவியில் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள்.

நீங்கள் எழுந்த வேகத்தில் கடலை அடுப்படி முழுவதும் சிதறியது. வெளியே ஓடிக் கதவில் இரண்டு கையாலும் அடித்தீர்கள்.

"டேய் சரவணா, தொறடா!"

"போம்மா அந்தாண்ட. இது எங்க ரூமு."

"அவ சத்தத்தக் காணமே. தொற!"

"ரூமுக்குள்ள ஆயிரம் இருக்கும். உனக்கென்ன வந்துச்சு?"

தெருவில் நாலைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, நல்ல மனதோடுதான் சொன்னார். "அக்கா, புருசன் பொண்டாட்டி நாயம். ரூமுக்குள்ள பூந்து நாம என்னத்தக் கேக்க முடியும்?"

நீங்கள் அவரைத் திரும்பிப் பார்த்தீர்கள். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. உங்கள் வார்த்தையை அடுத்தவர் வாயில் அப்போதுதான் கேட்டீர்கள்.

கோழிக்கூண்டுக்குப் பின்னால் சாத்தியிருந்த கடப்பாரையை எடுத்துக் கதவில் குத்தினீர்கள். ஒன்று, இரண்டு, மூன்று. தகடு நடுவில் குழிந்தது. தாழ்ப்பாள் அசையவில்லை. நான் சொல்லி வைத்த தாழ்ப்பாள். சட்டென்று கடப்பாரையோடு திரும்பி வீட்டுக்குள் ஓடினீர்கள். விட்டுவிட்டீர்கள் என்றுதான் நினைத்தேன் அக்கா. உங்கள் பின்னால் வந்து பார்த்தால், களிப் பானையைக் காலால் எத்தித் தள்ளிவிட்டு அடுப்புக்குமேல் மண் சுவரில் குத்திக்கொண்டிருந்தீர்கள்.

"டீச்சர், என்னத்தப் பாக்கறீங்க? கல்ல இழுங்க!"

இழுத்தேன். சுண்ணாம்பும் மண்ணும் அடுப்பில் கொட்டின. இரண்டு விரலில் நகம் பெயர்ந்தது அப்போது எனக்குத் தெரியவில்லை. முறம் அகலத்துக்குச் சுவர் உடைந்ததும் உள்ளே டியூப் லைட் வெளிச்சம் தெரிந்தது. மஞ்சுளா தரையில் கிடந்தாள். சரவணன் முழங்கால் அவள் நெஞ்சின்மேல் இருந்தது. செல்போன் சார்ஜர் ஒயர் அவள் கழுத்தைச் சுற்றியிருந்தது. அதன் இரண்டு முனையும் அவன் கையில். அவள் குதிகால் தரையில் மெதுவாகத் தேய்ந்துகொண்டிருந்தது. அவன் நிமிர்ந்து பார்த்தான். முகமெல்லாம் மண் தூசி. அந்தச் சுவர் வழியாக யாராவது வருவார்கள் என்று அவன் நினைக்கவே இல்லை.

ஓட்டை வழியாகவே கடப்பாரையை விட்டு அவன் காலில் இடித்தீர்கள். பச்சைக் கரும்பை முறிக்கிற சத்தம். அவன் அலறி உருண்டான். நீங்கள் தவழ்ந்து உள்ளே போனீர்கள். இரண்டாவது அடி தோளில் விழுந்தது. மூன்றாவது அடி எங்கே விழுந்தது என்று எனக்குத் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது கடப்பாரை அவன் தலைக்கு நேராக மேலே நின்றது. நான் "அக்கா" என்று கூப்பிடக்கூட இல்லை. இறக்கட்டும் என்று நினைத்தேனோ என்னவோ. இன்றுவரை எனக்கே தெரியாது.

அப்போது மஞ்சுளா இருமினாள்.

அந்த ஒரு இருமல் கேட்டதும் உங்கள் கை தாழ்ந்தது. ஒயரைப் பிரித்தெடுத்து, அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டீர்கள். கீழே கிடந்து முனகிக்கொண்டிருந்த மகனைப் பார்த்து, களி கிண்டும்போது பேசுகிற குரலில் சொன்னீர்கள்.

"இப்ப இதும் வூடுதாண்டா."

ஸ்டேஷனில் எழுதுகிறவர் உங்களை ஏற இறங்கப் பார்த்தார். "கதவத் தொறக்க ஆளக் கூப்புட்டிருக்கலாமேம்மா. சுவத்த எதுக்கு இடிச்ச?"

"கதவு அவனுதுங்க. சுவரு என்னுது."

"காலு முறிஞ்சிருக்கு. பெத்த புள்ளைய நீயா அடிச்ச?"

"நாந்தாங்க. எழுதிக்கங்க. பக்கத்துல இருந்த டீச்சரம்மாவ எழுதாதீங்க, அவங்க கல்லுதான் இழுத்தாங்க."

அந்த இடத்தில்கூட என்னை விலக்கிவிடத்தான் பார்த்தீர்கள்.

மஞ்சுளாவின் கண் வெள்ளையில் ரத்தம் கட்டி மூன்று வாரம் இருந்தது. குரல் பழையபடி திரும்பவில்லை. இப்போதும் கிசுகிசுப்பாகத்தான் பேசுகிறாள். சரவணன் ஜெயிலுக்குப் போய், வெளியே வந்து, கால் சாய்த்து நடந்துகொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டான். "எங்கம்மா எனக்குச் செத்துட்டா" என்று தங்கையிடம் சொல்லி அனுப்பினான். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கருவாட்டுக் குழம்பு வைத்து முடித்து, அடுப்படியில் அப்படியே நின்றுகொண்டிருந்தீர்கள். "அவனுக்குப் புடிக்குமின்னு வெச்சிட்டனுங்க டீச்சர். கைப்பழக்கம்." குழம்பைக் கொண்டுபோய் வேலியோரம் கொட்டிவிட்டு வந்தீர்கள். அவனை அடித்ததற்காக நீங்கள் ஒருநாளும் அழவில்லை. பெற்றதற்காக அழுதீர்கள்.

உடைத்த சுவரை நீங்கள் பூசவே இல்லை. ஓட்டையைப் பெரிதாக்கி நிலை வைத்தீர்கள். தெருப்பக்கத்து இரும்புக் கதவை நிரந்தரமாக அடைத்துவிட்டு அந்தப் பக்கம் கேழ்வரகு மூட்டைகளை அடுக்கினீர்கள்.

நெஞ்சு வலி வந்து நீங்கள் படுத்திருந்த கடைசி வாரத்தில் என் கையைப் பிடித்துக் கேட்டீர்கள். "எத்தன நாளு டீச்சர் அந்த டிவிக்குச் சத்தம் வெச்சன்?"

நான் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் டிவிக்குச் சத்தம் வைத்தீர்கள், நான் ஜன்னலைச் சாத்தினேன். நீங்கள் அவனைக் கேட்கவில்லை, நான் உங்களைக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். உங்களையாவது மகன் என்ற பாசம் தடுத்தது. என்னைத் தடுத்தது என்ன? நீங்கள் சொன்ன ஒரு வார்த்தை சுட்டதுதான். அந்தச் சூட்டை வைத்துக்கொண்டு மூன்று மாதம் ஒரு பெண்ணை அந்தக் கதவுக்குப் பின்னால் விட்டுவைத்தேன். இதைத்தான் சொல்ல இருந்தேன். "தூங்குங்க அக்கா" என்று மட்டும் சொன்னேன்.

உங்கள் சாவுக்குச் சரவணன் வரவில்லை. மஞ்சுளா ஓசூரிலிருந்து முதல் பஸ்ஸுக்கு வந்தாள். அங்கே கம்பெனி வேலை. இரண்டு பெண்களோடு ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறாள். போன வாரம் போனில் அந்தக் கிசுகிசுப்புக் குரலில், "ரூம்ல தாப்பா போட்டுட்டுத் தூங்கறேன் டீச்சர், யாரும் வர மாட்டாங்க, நல்லாத் தூக்கம் வருது" என்றாள். ரூம் கட்டச் சொன்ன அன்று நான் நினைத்ததும் இதைத்தான் அக்கா. கதவும் தாழ்ப்பாளும் ஒரு பாவமும் செய்யவில்லை. உள்ளே சத்தம் கேட்டபோது வெளியே இருந்தவர்கள் என்ன செய்தோம் என்பதுதான்.

இப்போது நான் கதவைத் தட்டுகிறவள் ஆகிவிட்டேன். ஏதாவது வீட்டில் அடி விழுகிற சத்தம் கேட்டால் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய், "உறை ஊத்தக் கொஞ்சம் மோர் இருக்கா?" என்று கேட்கிறேன். ஊரில் கேலி செய்கிறார்கள். "டீச்சர் வூட்ல பாலே வாங்கறதில்ல, மோரு மட்டும் எதுக்காம்?" ஒருத்தன் பிடித்துத் தள்ளி என் முழங்கால் வீங்கியது. இன்னொருத்தன் வாயில் வந்ததையெல்லாம் பேசினான். கதவு திறந்து, நான் நிற்கிற அந்தக் கொஞ்ச நேரம் அடி நிற்கிறது. அவ்வளவுதான் என்னால் முடிகிறது என்று நினைத்திருந்தேன்.

போன செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்குப் பின்தெரு லைன் வீட்டில் சத்தம். தட்டினேன். கை அகலத்துக்குக் கதவு திறந்தது.

"என்ன டீச்சர்?"

"உறை மோருப்பா."

"இல்ல."

"உன் பொண்டாட்டியக் கேளு."

"இல்லன்னு சொல்றனில்ல?"

அவன் தோளுக்குப் பின்னால் அந்தப் பெண் தெரிந்தாள். உதட்டில் ரத்தம். இருபது வயதுகூட இருக்காது. அவன் கதவைச் சாத்தப் போனான். எனக்குக் கடப்பாரை தூக்கத் தெம்பில்லை அக்கா. காலை நிலைக்குள் வைத்தேன். அவன் கதவை அழுத்தினான். எலும்பு நொறுங்குகிறாற்போல் வலித்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் எடுக்கவில்லை.

"காலை எடுங்க டீச்சர். ஒடஞ்சிரும்."

"ஒடையட்டும்ப்பா. எனக்கொன்னும் அவசரமில்ல."

அவனைத் தாண்டி உள்ளே பார்த்து அவளைக் கூப்பிட்டேன். "எங்கூட வர்றியாம்மா?"

அவள் அவனைப் பார்த்தாள். என் காலைப் பார்த்தாள். பிறகு அவன் கைக்கு அடியில் குனிந்து வெளியே வந்தாள்.

நான் நொண்டிக்கொண்டு நடந்தேன். தார் ரோடு கொதித்தது. செருப்புப் போடாமல் அவள் என்னோடு நடந்து வந்தாள்.